பெயர் சொல்லாமல் கேட்டது

அன்பு மகள் துர்சுனாய்க்கு,

அந்த மாஸ்கோக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தம்பியும் ஆடுகளும் சுகம், அப்பாவும் சுகம் என்று எழுதப் போய்ப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பக்கவாதம் வந்த புதிதுக்கு இப்போது தேவலை. நடக்கிறார், டீ குடிக்கிறார், வார்த்தைகள்தான் போன இடம் தெரியவில்லை. போன வாரம் போனில், அப்பாவை ஒரு தடவை என் பேரைச் சொல்லச் சொல்லும்மா என்று நீ அழுதாயே, அவர் திருதிருவென்று விழித்துப் போனை என் கையில் திணித்தாரே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன், பால் பொங்கி வழிந்திருக்கிறது.

நம் நரின் நகர ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அனார்குல், வீட்டு ஆட்களின் பெயர்களைத் திரும்பத் திரும்ப அவர் காதில் போடச் சொன்னாள். உன் பெயரையும் தம்பி பெயரையும் வாய் ஓயச் சொன்னேன். கூடவே கிளிப்பிள்ளையாய்ச் சொல்வார், டீ ஆறுவதற்குள் மறந்துவிடுவார். உன் தாத்தா பெயரையும் பெரியப்பா பெயரையும் நான் எப்படிச் சொல்வேன்? மருமகளாய் வந்தவள் வாயால் சொல்லலாமா, இந்தக் கடிதத்தில்கூட எழுத மாட்டேன். "நீங்க சொல்லலைன்னா அவருக்கு எப்படிம்மா வரும்" என்று அனார்குல் கடிந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் சுற்றி வளைத்தேன். வெள்ளத்தில் குதிரைக்குட்டியைத் தோளில் தூக்கி வந்தாரே, அவர் யார் என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டுத் தன் அப்பா பெயரைச் சொன்னார், மறுநாளும் சொன்னார். கல்யாண வீட்டில் தூங்கிப்போய்த் தொப்பியை வெள்ளாடு தின்னவிட்டவர் யார் என்றதும் சிரித்துக்கொண்டே உன் பெரியப்பா பெயரைச் சொன்னார். அனார்குலுக்கே ஆச்சரியம். "மத்த பேரையெல்லாம் வெறும் சத்தமா கொடுத்தீங்க, இதுல அவர் யோசிக்க ஏதோ இருந்துச்சு, அதான் மனசுல நின்னுடுச்சு" என்றாள்.

உன் பெயருக்கு மட்டும் சொல்ல ஒன்றும் இல்லையா என்ன. சொல்லத்தான் பயம். உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போனதை இந்த நிலையில் கிளறினால் தாங்குவாரா என்று மறுகிக்கொண்டே இருந்தேன். நேற்று டீ ஊற்றும்போது கேட்டே விட்டேன். இரண்டைப் பறிகொடுத்துவிட்டு அடுத்ததைக் கையில் வாங்கி, இதாவது இருக்கட்டும் என்று அதே அர்த்தத்தில் பெயர் வைத்தீர்களே, அவள் யார் என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்து, துர்சுனாய் என்றார். இரண்டு பேரும் அழுதோம். இன்று காலை நான் கேட்காமலே உன் பெயரைச் சொல்லி, எங்கே அவள் என்று கேட்டார். மாஸ்கோவில் பேக்கரியில் வேலை பார்க்கிறாள் என்றேன். "இருக்கட்டும்னுதானே வெச்சேன்" என்றார். நான் எழுந்து ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

அடுப்புச் சூட்டில் நின்றுவிட்டு அப்படியே பனியில் இறங்காதே. மாஸ்கோ வரும் பஸ் டிரைவரிடம் புளித்த தயிர் உருண்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன், உன் அறைப் பெண்களுக்கும் கொடு. நீ எந்த ஊரில் இருந்தாலும் தீர்க்காயுசாய் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். எப்போது வருவாய் என்று நான் கேட்க மாட்டேன். அவர் கேட்பார்.

உன் அம்மா,
கலிச்சா