பெட்டி மாறிய வாரம்

மார்ச் 3

அன்புள்ள மருமகனுக்கு,

நலம். போனில் உன் குரல் கேட்டதும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது, ஆகவே எழுதுகிறேன். நீ வெளிநாடு போனபின், உறைபெட்டியில் மீந்திருந்த ரத்த மாதிரிகளை மறுபடி சோதித்தேன். பக்கவாதக்காரர்களிடம் அந்த மரபணு மும்மடங்கு வேலை செய்கிறது என்கிறது நம் கட்டுரை. இப்போது வித்தியாசமே இல்லை. என் கைப்பிழையாக இருக்கும் என்று மூன்று முறை செய்தேன்.

பிறகு பழைய குறிப்பேட்டைப் பார்த்தேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று நோயாளிகளின் குழாய்களை முதல் வாரமும், நோயில்லாதவர்களுடையதை அடுத்த வாரமும் சோதித்திருக்கிறேன். இடையில் சோதனைக்கான ரசாயனப் பெட்டி தீர்ந்து, புதியது வந்திருக்கிறது. நாம் கண்டது பெட்டிகளின் வித்தியாசம். தப்பு என்னுடையது. ஆய்வகத் தலைவன் நீ. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடு.

நம் கட்டுரையை வைத்து மருத்துவமனையில் செய்யும் சோதனையை நம்பித்தான், பக்கவாதம் வரலாம் என்று உன் அம்மாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுக்கிறார்கள். லேசாக இடித்தாலே ரத்தம் கட்டி, கையெல்லாம் நீலம் பாரித்திருக்கிறது. "என் புள்ள கண்டுபிடிச்சது பொய்யாவா இருக்கும், அண்ணா?" என்கிறாள்.

உன் மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அத்தை சௌக்கியமா? உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வயதில் கை சற்று நடுங்கத்தான் செய்யும். பழைய ரத்தம் வேறு. இன்னொரு ஆய்வகத்திலும் நம் முடிவு வரவில்லை என்றார்கள். அவர்களுக்குச் செய்யத் தெரியவில்லை. ஏழு பேருடைய வேலை இந்தக் கட்டுரையை நம்பி நிற்கிறது. நான் வந்ததும் பேசுவோம். குறிப்பேட்டை யாரிடமும் காட்ட வேண்டாம். அம்மாவை மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மருமகன்

ஏப்ரல் 2

மருமகனுக்கு,

கை நடுங்குகிறதோ என்று நானும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? பெயர்களை மறைத்து, குழாய்களில் எண் மட்டும் ஒட்டி, பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்தேன். "என்ன சார், இதுல யாரு நோயாளி, யாரு நல்லா இருக்காங்கன்னு கடவுளுக்கே தெரியாது போலிருக்கே!" என்று சிரித்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது, கை நடுங்காது. அவளுக்கும் வித்தியாசம் வரவில்லை.

இன்னொரு ஆய்வகத்தில் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தே பெற்றவளை மாத்திரை விழுங்கச் சொல்கிறாய். எப்படியடா மனசு வந்தது? நாற்பது வருடம் யாரிடமும் குரல் உயர்த்தாதவன் நான். இப்போது பேனா தாளைக் கிழிக்கிறது.

கட்டுரையில் என் பெயர் நான்காவது. அந்த உரிமையில், குறிப்பேட்டின் நகலோடு பத்திரிகைக்கும் மருத்துவமனைக்கும் நேற்று எழுதிவிட்டேன். உன் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போனேன். விவரம் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டாள்: "இது அவனுக்குத் தெரியுமாண்ணா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. "தெரியும்" என்றேன். இறங்கும்வரை அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

இனி எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது.

மாமா