அறுநூறு ஓம் சரிதான், ஜெபராஜ்

என் செல்லத் தம்பி ஜெபராஜ்,

நீ போட்ட கணக்கு சரி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ கர்த்தரிடம் போய் இரண்டு வருடமாகிறது. உன் ரேடியோவை விற்க மனமில்லாமல், வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராகப் பேச அனுமதி தரும் ஹாம் தேர்வு எழுதி நானே உரிமம் வாங்கிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் உனக்கெதற்கு அக்கா இது என்று சிரிக்கிறாயா?

ஆனால் நான் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை. ஹாம் சங்கத்து விக்டர் அண்ணன் மைசூர் மைன்ஸ் சுரங்கக் குடியிருப்பில் நம் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு இறங்கும் உன் ஏணிக் கம்பி அவர் கண்ணில் பட்டது. இரண்டு செம்புக் கம்பிகள், நடுவே படிபடியாக நீ அறுத்து வைத்த பிவிசி பைப் துண்டுகள்.

"இன்னாம்மா இது? வூட்ல செஞ்சதெல்லாம் சரிப்படாது. அவுத்துப் போட்டுட்டு கடையில கேபிள் வாங்கி மாட்டு."

அந்த நிமிடம் எனக்கும் சந்தேகம் வந்தது, மன்னித்துவிடு. ஆனால் கம்பியின் தடிமனையும் இடைவெளியையும் வைத்து, ரேடியோ அலைக்கு இது காட்டும் மின்மறுப்பு அறுநூறு ஓம் என்று நீ நோட்டில் எழுதியிருந்தாயே! அளந்து பார்க்கத்தான் உனக்கு நாள் கிடைக்கவில்லை.

"அளந்துட்டு அவுக்கலாம்ணா," என்றேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை இறக்கி, தரையில் படாமல் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கயிற்றில் கட்டினோம். ஒரு முனையில் அளவுக் கருவி. மறுமுனையில், திருகினால் அளவு மாறும் மின்தடை. அதன் அளவு கம்பியின் மின்மறுப்போடு ஒத்துப்போனால், அலைவரிசையை எப்படி மாற்றினாலும் கருவியின் கோடு ஆடாது.

"கடையில விக்கிற ஏணி லைன் மாதிரி நானூத்தி அம்பது ஓம்தான் இருக்கும்," என்றார் அண்ணன். மின்தடையை அந்த அளவில் வைத்தோம். கோடு அலை அலையாக எழுந்து விழுந்தது. நான் மெல்லத் திருகினேன். கோடு அடங்கியது, அப்படியே சமமாகப் படுத்துவிட்டது. மின்தடையைக் கழற்றி மீட்டரில் வைத்தால், ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு!

விக்டர் அண்ணன் மீட்டரை வாங்கி இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். "கரீட்டா போட்டுக்கிறான்மா உன் தம்பி. லைன் மேல தப்பில்ல. ரேடியோ பக்கத்துல இருக்கிற டிரான்ஸ்பார்மர் பெட்டியத் தொற."

திறந்தோம். உள்ளே ஒரு கம்பி பற்றவைப்பு விட்டுத் தொங்கியது. அவரே பற்றவைத்துக் கொடுத்தார்.

லைனை மறுபடி ஏற்றி, மாலையில் மைக்கைப் பிடித்தேன். கொழும்பிலிருந்து ஒருவர் பதில் சொன்னார்! "நல்ல தெளிவா கேக்குது. என்ன லைன் போட்டிருக்கிறீங்க?"

"என் தம்பி கையால செஞ்சதுங்க!" நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். உனக்குக் கேட்டதாடா?

சங்கத்துக்கும் இதேபோல் ஒன்று வேண்டுமாம். விக்டர் அண்ணனே கேட்டார். நானே கட்டி, நானே அளந்து, அதில் முதல் அழைப்பையும் நானே கொடுப்பேன். சத்தியம்.

தம்பியால் தலைநிமிர்ந்து நடக்கும்,
உன் எஸ்தர் அக்கா