மூன்றாவது பொட்டலம்

1978 ஜூன் 6
மறுபடியும் அரிப்பு, வெள்ளைப்படுதல். தறியில் உட்கார முடியவில்லை. நாளை ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தமயந்திக்கும் இதே தொல்லை. அவள் பக்கத்துத் தறி. பக்கத்துத் தறி மட்டுமா?

ஜூன் 7
நர்ஸ் கன்னியம்மாள் பார்த்துவிட்டு மாத்திரை இரண்டு பொட்டலம் மடித்தார். ஒன்று எனக்கு, ஒன்று என் பாவாவுக்கு. "உன் வூட்டுக்காரு லாரி ஓட்றாரில்ல? எங்கனா போய் வாங்கிகினு வந்திருப்பாரு. அனுப்பு, நான் கேக்கறேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வந்ததும் என் மாத்திரையில் பாதியைத் தமயந்திக்குக் கொடுத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு!

ஜூன் 19
பாவா ஆஸ்பத்திரியில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார் — வரிசையில் எல்லார் முன்னாலும். சோறு இறங்கவில்லை அவருக்கு. "தணிகை முருகன் மேல ஆணை, நான் எங்கயும் போவல வரலட்சுமி" என்றார்.

எனக்குத் தெரியாதா? கல்யாணமாகிப் பதினோரு வருஷம், அவர் மேல் எனக்கு இன்னும் ஆசைதான். தமயந்தி மேலும் அதே ஆசைதான். இரண்டும் பொய்யில்லை. யார்கிட்ட போய் இத சொல்ல? தப்பே பண்ணாத மனுஷன் தல குனிஞ்சிகினு நிக்கறாரே, நான் வாயத் தொறக்காததாலதானே?

ஜூன் 20
அரிப்பு போகவில்லை. "மாத்திரைய முழுசா முழுங்கினியா?" என்று நர்ஸம்மா அதட்டினார். அழுகை வந்துவிட்டது. "பாதிய தமயந்திக்குக் குடுத்தேம்மா. அவரு மேல தப்பில்ல. நானும் அவளும்..."

துரத்துவார் என்று நின்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். காகிதம் மடித்தார். மூன்று பொட்டலம்.

"பாதி மாத்திரையில ஒருத்திக்கும் கொணமாவாது. அவளயும் வரச் சொல்லு, அவ பேர்ல தனிச் சீட்டு போட்டுக்கறேன்." பிறகு மெதுவாக, "உன் வூட்டுக்காரர அவசரப்பட்டுப் பேசிட்டேன்" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் அழுதேன். இது வேறே அழுகை.

ஜூன் 25
கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் நர்ஸம்மா பாவாவைப் பார்த்து, "தம்பி, இது யார் தப்பும் இல்லாமலும் வர்றதுதான். அன்னிக்கு நான் பேசினதுதான் தப்பு" என்றாராம். இன்று பாவா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 3
எனக்குச் சரியாகிவிட்டது. அவளுக்கும்.

ஆகஸ்ட் 2
தணிகை மலையில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்துவிட்டது. நானும் தமயந்தியும் ஆளுக்குப் பாதியாக நெய்த துண்டை நர்ஸம்மாவுக்கு எடுத்துப் போனேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், புதுத் தாலிக் கயிறு. இரண்டு பொட்டலம் மடித்து வைத்துவிட்டு நர்ஸம்மா தணிந்த குரலில், "வேற யாருக்காச்சும் வேணுமாம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நர்ஸம்மா இன்னொரு காகிதத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.