மூன்று மாதத்துக்கு அவித்த மா

வெள்ளவத்தை,
செப்டெம்பர் 14

அன்பு மகள் சாம்பவிக்கு,

நான் இங்கே சுகம், நீயும் மருமகன் ஹரிசனும் பேரப்பிள்ளையும் உன் அம்மாவும் ரொறன்ரோவில் சுகமாக இருக்கக் கதிரேசன் துணை நிற்கட்டும். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போன் என்றால் நடுவில் வெட்டிவிடுவாய், கடிதத்தை வெட்ட ஏலாது, அதனால்தான். நான் கடும் கோபத்தில் இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைப்பேறு பார்க்க மூன்று மாதத்துக்கு அம்மாவை அனுப்புங்கோ என்று கேட்டாய், நானே கூட்டிக்கொண்டு போய் விமானம் ஏற்றிவிட்டேன். ஜனவரியில் போனவர், இப்போது செப்டெம்பர். ஒவ்வொரு மாதமும் இன்னும் ஒரு மாதம் அப்பா என்பாய், நானும் சரி சரி என்று தலையாட்டினேன். போன கிழமை மருமகன் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அம்மாவின் விசாவை அடுத்த வருஷம் வரைக்கும் நீட்டிவிட்டீர்களாம். கட்டின புருஷன் நான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

மேல்மாடி பைறோஸாவை உனக்குத் தெரியும்தானே, நோன்புப் பெருநாளுக்கு ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறைய வட்டிலப்பம் அனுப்புகிறவர். அந்தப் பாத்திரத்தை அம்மா ஒருநாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை, அதிலேயே இரண்டு மாத்தட்டுக்கு நடுவில் அன்னாசி வைத்து 'பை' சுட்டு, மேல்தட்டு மெல்லிசாய் மொறுமொறுவென்று இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுப்பார். இந்த முறை பெருநாள் மார்ச்சில் வந்தது, அம்மா ஏப்ரலில் வந்துவிடுவார்தானே என்று கழுவி வைத்தேன், இன்னும் பிரிஜுக்கு மேலேயே இருக்கிறது. பைறோஸா பாத்திரத்தைக் கேட்கவில்லை, படியில் காணும்போது மிஸிஸ் எப்ப வாறாங்க என்றுதான் கேட்பார். அடுத்த மாதம் என்பேன். அப்படி ஐந்து தரம் சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகி, இப்போது அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால் கதவைத் திறப்பதில்லை. முப்பத்தொரு வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஒருவருக்கும் ஒளிக்காதவன், இந்த வயதில் ஒரு பாத்திரத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒளிக்கிறேன்.

ஆகவே போன ஞாயிறு நானே சுட்டுக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன். சிரிக்காதே, தேத்தண்ணிக்கு மேல் ஒன்றும் தெரியாதவன்தான். அன்னாசியைச் சின்னதாக வெட்டிச் சீனியும் கறுவாப்பட்டையும் போட்டு நீர் வற்றக் காய்ச்சும்வரை பிழையில்லை. தகர ரின்னில் இருந்த மாவை எடுத்துப் பட்டர் சேர்த்து ஐஸ் தண்ணீர் விட்டுக் குழைத்தால், உருட்ட உருட்ட உடைகிறது, ஒரு அங்குலம் விரிய மாட்டேன் என்கிறது. வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்துவிட்டு எந்த ரின்னில் எடுத்தீர்கள் என்று கேட்டார், நான் வாய் திறக்க முன்னம் உன் கை வந்து போனை வாங்கியது. பிள்ளைக்குக் குளிக்க வார்க்க வேணும், அப்பாவுக்கு வேறை வேலையில்லை என்று அம்மாவிடம் சொல்லி வெட்டிவிட்டாய். எனக்குக் கேட்டது சாம்பவி. கையெல்லாம் மாவோடு முக்கால் மணித்தியாலம் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன், நீ திருப்பி எடுக்கவில்லை. பிறகு வந்தது வரட்டும் என்று மாவைப் பாத்திரத்தில் அழுத்திப் பரப்பிச் சுட்டேன், ஓடு மாதிரி வந்தது. திங்கட்கிழமை சமைக்க வந்த இராமலெட்சுமி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள், ரின்னைத் திறந்து மணந்து பார்த்தாள், ஐயா இது இடியப்பத்துக்கு அவிச்ச மாவுங்க, இது எப்படி இழுபடும் என்றாள். அம்மா போகும்போது எனக்கு இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் என்று கோதுமை மாவை அவித்து அரித்து மூன்று ரின்களில் நிரப்பிவிட்டுப் போனவர், நான் கடையில் சாப்பிட்ட நாட்கள் கூடுதல் என்பதால் இவ்வளவு காலம் இழுத்தது. கடைசி ரின்னை நான் பாழாக்கினேன்.

செவ்வாய் நீ வேலைக்குப் போன பிறகு, பிள்ளை நித்திரை என்று அம்மாவே போன் எடுத்தார். காலி வீதியில் அவிக்காத மா வாங்கி வைத்திருந்தேன். எல்லாம் மெல்லிய குரலில் சொல்லித் தந்தார். பட்டர் உருக முன்னம் விரல் நுனியால் மட்டும் உதிர்க்க வேணும், குழைத்ததைப் பிரிஜில் அரை மணித்தியாலம் வைக்க வேணும், நம்முடைய வெக்கைக்கு ரொட்டிக்கட்டை சரிவராது, போத்தலில் ஐஸ் தண்ணீர் நிரப்பி இரண்டு பொலித்தீனுக்கு நடுவில் வைத்து உருட்ட வேணும், மேசைவிரிப்பின் பூ தெரியும்வரை. பழம் வைக்க முன்னம் அடித்தட்டில் முட்டை வெள்ளைக்கரு பூச வேணும், இல்லாவிட்டால் ஊறிப்போகும். பொன்னிறமாக வந்தது. கத்தியை வைத்ததும் மேல்தட்டு நொறுங்கின சத்தம் அங்கே கேட்டு அம்மா சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். என்னப்பா என்று கேட்டேன், மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு வீட்டை வரவேணும் போலை கிடக்கப்பா. அவளிட்டைச் சொல்லிப் போடாதேங்கோ, அழுவாள்."

சொல்ல வேண்டாம் என்றதைத்தான் எழுதுகிறேன். நீ அழுதால் அழு. அம்மா உன்னிடம் ஒருநாளும் கேட்க மாட்டார், நீ கேட்டாலும் எனக்கு இங்கே சந்தோஷம் என்றுதான் சொல்வார், அது உனக்கும் தெரியும், தெரிந்துதான் நீ கேட்கவில்லை. வேலையும் பிள்ளையுமாக நீ படும் பாடு எனக்கு விளங்காமல் இல்லை. ஆள் வேணுமென்றால் கேட்டு எடு மகள், ஒளித்து எடுக்காதே. அன்றைக்கே அந்த அன்னாசிப் பையைப் பாத்திரத்தோடு கொண்டுபோய்ப் பைறோஸாவிடம் கொடுத்தேன், அம்மாவின் கை மாதிரியே இருக்குது என்றார். வழக்கமான கேள்வியையும் கேட்டார். ஒக்டோபர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னை ஆறாம் தரமும் பொய்யன் ஆக்காதே.

பேரனுக்கு என் முத்தம், நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ வேணும். குளிர் தொடங்க முன்னம் அம்மாவுக்கு விமான ரிக்கற்றைப் போட்டுத் திகதியை அறிவி, பிரஷர் குளிசையை மறக்காமல் கொடுத்துவிடு. அவித்த மா முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல். அவர் மூன்று மாதத்துக்குத்தான் அவித்தவர்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அப்பா
யோகநாதன்