அண்ணன் என்று கூப்பிட்ட மகள்

மாப்பிள்ளையூரணி
1948 ஆவணி 12

மகன் வீரபாகுவுக்கு அய்யா சிவனாண்டி எழுதுவது. இங்கன எல்லோரும் சுகம். நீயும் சுகமா என்று கேட்கத்தான் வேணும், கோபம் இருந்தாலும்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தால்தான் எனக்கு விளங்கும், அது உனக்கே தெரியும். கொழும்புக் கடுதாசி என்றதும் வீட்டையே கூட்டி வைத்து வாசித்தேன், இது உங்களுக்கு மட்டும் என்று நீ எழுதினதையும் சேர்த்தே வாசித்துவிட்டேன். பிள்ளையை அந்த வீட்டில் வளர்த்தது போதும், சீனித்தாய் அவளைக் கூட்டிக்கொண்டு உடன்குடிக்குத் தன் அம்மை வீட்டுக்குப் போகட்டும் என்று நீ எழுதினதை உன் பெண்டாட்டி அடுப்படியில் நின்று முழுசாகக் கேட்டாள். அன்றைக்கே டிரங்குப் பெட்டியை எடுத்து நடைவழியில் வைத்துவிட்டாள். மூன்று நாளாக அதைத் தாண்டித் தாண்டித்தான் சோறு திங்கப் போகிறோம்.

ஏலே, அப்படி என்ன குற்றம் நடந்துபோச்சு? நீ லீவில் வந்தபோது பிள்ளை உன்னை அண்ணன் என்றாள், பெற்றவளை மைனி என்றாள், என்னை அய்யா என்றாள், அவ்வளவுதானே? உன் தங்கச்சிமார் ரெண்டு பேரும் நாள் முழுக்க அண்ணன், மைனி, அய்யா என்றால் நாலு வயசுப் பிள்ளை வேறு என்னத்தைப் படிக்கும்? மூன்று வருஷத்தில் இருபது நாள் வந்து இருந்துவிட்டு, முறை தெரியாத வீடு என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? ஆறு வயசு வரைக்கும் நீ என்னை, உன் தாத்தா கூப்பிடுகிற மாதிரியே, ஏலே சிவனாண்டி என்றுதான் கூப்பிட்டாய். சந்தையில் வைத்தும் கூப்பிட்டாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு தனிவீடா பார்த்தேன்? திரும்பி நின்று, சொல்லுங்க அண்ணாச்சி என்றேன். சந்தையே சிரித்தது. போன மாசம் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தபோது உன் அம்மையும் தங்கச்சிகளும் மாற்றி மாற்றி மடியில் போட்டிருந்ததால்தான் சீனித்தாய் கொஞ்சம் கண் அசந்தாள். உடன்குடியில் அவள் அம்மை ஒத்தையில் கிடக்கிறாள், அங்கன யார் மடி இருக்கு?

நீ கேட்ட முறையையும் சொல்லிக்கொடுத்தாச்சு. உன் போட்டோவைப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணியில் மாட்டி, இதுதான் உன் அய்யா என்று தினமும் காட்டினேன். இப்போது போட்டோ அய்யா என்கிறாள். தான் நக்குகிற கருப்பட்டியை உன் வாயிலும் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் தின்கிறாள்.

சீனித்தாய்க்கு நீ தனியாக நாலு வரி எழுது. அவள் மனசுக்குள்ளேயே வாசிப்பாள், எனக்குக் கேட்காது. பெட்டி உள்ளே போனால்தான் என் கோபமும் போகும். திருச்செந்தூரான் உன்னை நல்லா வைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

கோபத்தோடு
உன் அய்யா சிவனாண்டி

கடுதாசியை ஒட்டுமுன் உன் போட்டோவைத் துடைக்க எடுத்தேன். கருப்பட்டிக்குக் கரப்பான் பூச்சி வந்து அரித்திருக்கிறது. மூக்குக்குக் கீழே நீ இல்லை. வேறு போட்டோ அனுப்பு.