ஆச்சா? அடுத்தது

ஜூன் 18

மகள் போனில் ஒரு பொத்தானைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தேதியையும் அதுவே போட்டுக்கொள்கிறது. எழுதியது என்னவென்று எனக்குப் படிக்கத் தெரியாது. அதுவும் நல்லதுதான். எனக்கே எட்டாத இடத்தில் என் பேச்சு பத்திரமாக இருக்கட்டும்.

இன்று சாயங்காலம் பேத்தி வீட்டிலிருந்த செருப்பையெல்லாம் வரிசையாக வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடினாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆள் அவ்வளவு பொடிசு என்பதால் எல்லோருக்கும் அவள் கடுகு. கணக்கு முடித்த செருப்பு எழுந்து நிற்க வேண்டுமாம். ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். என்னுடையது தேய்ந்த செருப்பு, நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் குச்சியால் தரையை மூன்று தட்டு தட்டிவிட்டு, “ஆச்சா? அடுத்தது” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தத் தட்டு. அந்த இழுப்பு. ‘ஆச்சா’வில் ஒரு இழுப்பு இழுத்து, ‘அடுத்தது’வை வெட்டி வைக்கிற மாதிரி... எங்கேடி கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். எங்க டீச்சர் இப்படித்தான் சொல்லுவாங்க என்றாள்.

ஜூன் 19

தூக்கம் சரியில்லை. சின்ன வயதில் எனக்குக் கணக்கு எடுத்த அந்த வாத்தியாரின் முகம் நேற்றுப் பார்த்த மாதிரி வந்து நிற்கிறது. சட்டைப் பையில் இரண்டு பேனா. வலது கையில் சுண்ணக்கட்டி. இடது காதில் மட்டும் மயிர்.

அவர் வகுப்பில் ஒரு வழக்கம். கணக்கைப் போட்டவன் எழுந்து நிற்க வேண்டும். எல்லோரும் நின்ற பிறகு மேஜையில் மூன்று தட்டு. “ஆச்சா? அடுத்தது.” அடுத்த பக்கம். முந்தின வருஷம் அவர் வகுப்புதான் எல்லாப் பாடத்தையும் முதலில் முடித்தது என்று அவருக்கு மாலை போட்டார்கள். மாலை விழுந்தபோது நானும் கை தட்டினேன், முட்டாள்.

ஒரு நாள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். கழித்தல் கணக்கு. சின்ன எண்ணிலிருந்து பெரியது போகாது என்றார், பக்கத்தில் வாங்கு என்றார். பக்கத்தில் என்றால் எங்கே? பக்கத்தில் இருந்தவன் நோட்டிலா? எட்டி வாங்கப் போனேன். தலையில் குட்டு. பிறகு சொன்னார் பாருங்கள், வார்த்தை மாறாமல் இருக்கிறது: “உனக்காக இத்தனை பேர் நிக்கணுமா? நீ உக்காந்தே இரு. காலம் பூரா உக்காந்தே இரு.”

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அப்பா என்னைப் பூச்சு வேலைக்கு அனுப்பினார். கை நல்ல கை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மேஸ்திரி ஆக முடியவில்லை. தாளில் எழுதிய அளவில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சாந்து குழைத்துக் கொடுத்த பையன்கள் எல்லாம் மேஸ்திரி ஆகி என்னை ‘பெருசு, இங்க வா’ என்று கூப்பிட்டார்கள்.

மறப்பேனா?

ஜூன் 23

கடுகைக் கூட்டிவரப் போன இடத்தில் பள்ளிக் காவல்காரரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். அந்தக் கணக்கு டீச்சர் வாத்தியாருடைய கடைசி மகள். வாத்தியார் செத்து நாலு வருஷம் ஆகிறதாம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செத்துப் போயிருக்கிறார்.

ஜூன் 24

அப்பன் இல்லை. மகள் இருக்கிறாள். போதும்.

ஜூலை 1

கடுகுக்குக் காலையில் வயிற்றுவலி. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் வருவதில்லை. மாப்பிள்ளை நடிப்பு என்கிறார். நடிப்பில்லை. அந்த வலி எனக்குத் தெரியும், தொப்புளுக்கு மேலே, கோலி உருள்கிற மாதிரி.

சாயங்காலம் மகள் அவளை உட்கார வைத்துக் கணக்கு கேட்டாள். அறுபத்தொன்றில் முப்பத்து நாலு போனால்? கடுகு முப்பத்து மூன்று என்று எழுதினாள். ஆறில் மூன்று போனால் மூன்று. நாலில் ஒன்று போனால் மூன்று. மகள் நோட்டைத் தூக்கி எறிந்தாள். கண் தெரியலையாடி, இருபத்தேழு இல்லையா என்று கத்தினாள்.

சொல்லட்டுமா? எனக்கும் முப்பத்து மூன்றுதான் சரியாகப் பட்டது.

ஜூலை 2

பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். கணக்கு வரலைன்னா வகுப்புல என்னடி பண்ணுவ?

“நின்னுடுவேன் தாத்தா.”

போடாமலேயா?

“டீச்சர் நோட்டைப் பாக்க மாட்டாங்க. நிக்குறாங்களான்னுதான் பாப்பாங்க. எல்லாரும் அப்படித்தான் நிக்குறாங்க.”

சிரித்தேன். வெகுநேரம் சிரித்தேன். வாத்தியாரே, உங்க வீட்டு வித்தை இப்படி ஆகிவிட்டது. ஒரு வகுப்பு முழுக்க எழுந்து நிற்கிறது, ஒரு பிள்ளைக்கும் கணக்குத் தெரியாது, உங்கள் மகள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போகிறாள்.

எனக்கு மட்டும் அன்றைக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால்.

ஜூலை 8

நல்ல சேதி. அடுத்த வாரம் பெற்றோரைக் கூப்பிட்டுப் பாடம் நடத்திக் காட்டப் போகிறார்களாம். தாளாளரும் வந்து உட்காருவாராம். கணக்குப் பாடம்தான். மற்ற பள்ளிகளைவிட இங்கே மூன்று பாடம் முன்னால் போயிருக்கிறோம் என்று காட்ட.

கடுகிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீ நிற்காதே. தட்டினாலும் நிற்காதே. கேட்டால், எனக்கு வரலை, எங்களுக்கு யாருக்கும் வராது என்று சொல். சபையில் சொல்.

“நான் மட்டுமா தாத்தா?”

நீ மட்டும்தான். தாத்தா பின்னாடியே இருப்பேன்.

தலையை ஆட்டினாள். தாளாளர் முன்னால் அந்த அம்மாவின் முகம் போகிற போக்கை நினைத்தால் சோறு இரண்டு கவளம் கூடவே இறங்குகிறது.

ஜூலை 14

மகள் எச்சரிக்கை விட்டாள். நீங்க வர்றேன்னு ஏன் இப்படி ஒத்தக்கால்ல நிக்குறீங்கன்னு தெரியல, வந்தா வாயைத் தொறக்கக் கூடாது என்றாள். திறக்க மாட்டேன் என்றேன். வெள்ளைச் சட்டை தேய்த்து வந்துவிட்டது.

ஜூலை 15

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். போன், நீ ஒழுங்காக எழுதிக்கொள்.

எங்களைப் பின்னால் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். முழங்கால் தாடையில் இடித்தது. பக்கத்துச் சுவரில் பூச்சு பொருக்குத் தட்டியிருந்தது. முதல் பூச்சு காய்வதற்குள் எவனோ அடுத்ததைப் பூசிவிட்டுப் போயிருக்கிறான். தாளாளர் ஜன்னல் ஓரம் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். டீச்சர் ஒல்லி. சட்டென்று பார்த்தால் சாயல் இல்லை. சுண்ணக்கட்டியைப் பிடிக்கிற பிடியில் இருந்தது.

ஐம்பத்து மூன்றில் இருபத்தெட்டு போக எவ்வளவு. பலகையில் ஒரு முறை வேகமாகப் போட்டுக் காட்டி, அழித்து, அதையே பிள்ளைகளைப் போடச் சொன்னாள். ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. கடைசியில் கடுகு மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

சொன்ன சொல் காப்பாற்றியது என் குட்டி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். “இன்னும் ஒருத்தங்க மட்டும்தான்” என்று டீச்சர் சிரித்தபடி சொன்னாள். இதற்குத்தானே காத்திருந்தேன்? சொல்லுடி, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். அவள் சொல்லவில்லை. அவள் பிடரியில் வேர்வை வழிந்து ஒற்றைப் பின்னல் ஒட்டிக்கொண்டது. திரும்பி என்னைத் தேடினாள். அந்த முகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை, ஆனால் உள்ளே இருந்து எனக்குத் தெரியும்.

நான்தான்டி உன்னைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்கார வைத்தேன். அந்த ஆள் என்னை வைத்த அதே இடத்தில்.

கடுகு எழுந்து நின்றுவிட்டாள். வெறும் நோட்டோடு.

மூன்று தட்டு. “ஆச்சா? அடுத்தது.”

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. முழங்கால் ரெண்டும் சத்தம் போட்டது.

“எனக்கு ஆகல டீச்சர்” என்றேன்.

பெற்றோர் பக்கம் சிரிப்பு. மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

“மூணுல எட்டு போகாதுன்னீங்க. அப்புறம் என்னவோ பண்ணீங்க. அது புரியல. திரும்பச் சொல்லுங்க.”

சொன்னாள், கடகடவென்று. புரியவில்லை என்றேன். மறுபடி சொன்னாள். புரியவில்லை. வீம்புக்குச் சொல்லவில்லை, சத்தியமாகப் புரியவில்லை. தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பெரியவரே, பிறகு பேசிக்கலாமே என்றார். நான் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிற்கிறவனுக்காகத்தானே இந்த வகுப்பு நடக்கிறது, நின்றேன்.

அவள் அலமாரியிலிருந்து சுண்ணக்கட்டிப் பெட்டிகளை எடுத்தாள். பெட்டிக்குப் பத்து. ஐந்து பெட்டி, வெளியே மூன்று கட்டி. எட்டு கொடுங்கள் ஐயா, எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். மூணுதானே இருக்கு என்றேன். ஒரு பெட்டியை உடைத்து மேஜையில் கொட்டினாள். பதிமூன்று. எட்டை எடுத்தாள், ஐந்து. மிச்சம் நாலு பெட்டி, இரண்டு எடுத்தால் இரண்டு.

பெட்டியை உடைக்கணும். அவ்வளவுதானா? இந்த ஒரு பெட்டியை ஒருத்தர் எனக்கு உடைத்துக் காட்டியிருந்தால்...

“இப்ப ஆச்சு” என்றேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். வகுப்பு முழுக்க ரப்பர் தேய்க்கிற சத்தம். டீச்சர் திரும்பிப் பார்த்தாள். முதல் பெஞ்சில் ஒரு நோட்டை எடுத்தாள், வைத்தாள், அடுத்ததை எடுத்தாள். பாதி அழிந்த விடைகளை வாய்விட்டுப் படித்தாள்: முப்பத்தைந்து, முப்பத்தைந்து, முப்பத்தைந்து. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

வெளியே தாளாளர் அவளைத் தனியாக நிறுத்திக் கேட்டார். ஒரு பக்கம்கூட முடியலையே, இதுக்கா இத்தனை பேரைக் கூப்பிட்டோம் என்றார். தூணுக்குப் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டேன். தேனாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவர் போனதும் எதிரே போய் நின்றேன். உங்க அப்பாகிட்ட படிச்சவன் நான் என்றேன். அப்பாவுக்குப் பிள்ளைங்கன்னா உயிர் ஐயா என்று ஆரம்பித்தாள். எல்லாரும் நிக்க நான் ஒருத்தன் உக்காந்திருந்தேன், என்னை விட்டுட்டுப் பக்கத்தைத் திருப்பிட்டார் என்றேன்.

திட்டுவாள், அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் கேட்டது வேறு.

“எந்தக் கணக்குல ஐயா நின்னுச்சு?”

“இதே கணக்குலதான்.”



ஜூலை 16

மகள் என்னோடு பேசவில்லை. கடுகு பேசினாள். வயிறு வலிக்கவில்லை என்றாள்.

ஆகஸ்ட் 6

வகுப்பில் இப்போது யாரும் நிற்பதில்லையாம். ஆகாதவர்கள் கையைத் தூக்க வேண்டுமாம். முதல் நாள் கடுகும் இன்னொருத்தியும்தான் தூக்கினார்களாம், இப்போது பாதி வகுப்பு தூக்குகிறதாம். பக்கம் நகரவே மாட்டேன் என்கிறது, மற்ற வகுப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது என்று மாப்பிள்ளைக்குக் கவலை. தாளாளர் டீச்சரை இரண்டு தடவை கூப்பிட்டனுப்பினாராம். மூன்றாம் தடவை கூப்பிட்டால் நானும் கூடப் போகலாமா என்று யோசிக்கிறேன். சும்மா. வேடிக்கை பார்க்க.

வாத்தியாரை இன்னும் மன்னிக்கவில்லை. எழுதிக்கொள், மன்னிக்கவில்லை.

மாலையில் கடுகு ஒரு சேதி கொண்டுவந்தாள். திங்கட்கிழமை பெருக்கல் ஆரம்பிக்கிறார்களாம். “உங்க தாத்தாவைக் கூட்டிட்டு வா, அவருக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரிஞ்சுடும்னு டீச்சர் சொன்னாங்க.”

கொழுப்பைப் பார். கூப்பிட்ட குரலுக்கு ஓட நான் என்ன அவள் வீட்டு வேலைக்காரனா என்று கத்தினேன்.

பிறகு வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு வந்தேன். புரியவில்லை என்றால் அன்றைக்கும் விட மாட்டேன்.