ஜோயாவுக்கு இன்னொரு மீன்

ஏங்க,

குருமா அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. நான் ஜோயாகிட்ட ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

செத்த மீனை எடுத்துக் கொட்டிட்டேன். கடல்மீன் தொட்டின்னா உப்புத்தண்ணி பக்குவமாக ஒரு மாசம் ஆகும், அப்புறம்தான் மீன் விடணும்னு பூந்தமல்லி கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நீங்க மறுநாளே விட்டீங்க. புள்ள ஆசைப்பட்ட மீனு, ஒரு மாசம் பொறுக்க முடியாதான்னு நேத்து கத்தினேன். கத்தினது கத்தினதுதான்.

குல்ஷன்

பி.கு.: போனை வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. டாக்டர் கூப்பிட்டாரு, நான் எடுத்தேன். ஜோயா ஒரு மாசம் தாங்க மாட்டாள்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாராமே.

தண்ணி பக்குவமாகுறதுக்குக் காத்திருக்க வேணாம். இன்னைக்கே அதே ஆரஞ்சு மீன் வாங்கி விடுங்க. அது நீந்தறப்பவே வீடியோ எடுத்துட்டு ஓடி வாங்க.